லிஃப்ட் டாக்டர் சொன்ன வைத்தியம்

அந்த மருத்துவமனையில் ஐந்தரை வருஷம் படித்து டாக்டர் ஆனவர்கள் ஐம்பது பேர் இருந்தார்கள். படிக்காமலே டாக்டர் ஆனவர் ஒருவர்தான். முன்பக்க லிஃப்டில் ஓர் இரும்பு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர் அவர். நர்சுகள் விளையாட்டாக ‘லிஃப்ட் டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் முதலில் கூச்சப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார், கடைசியில் நம்பிவிட்டார். முதல் இரண்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இதயத்துக்கு மட்டுமான மருத்துவமனை அது. வால்வு கெட்டுப்போய் வருகிறவர்களுக்கு அங்கே இரண்டு வழிகள். இரண்டாம் மாடியில் புது வால்வைக் குடை மாதிரி மடக்கி, மெல்லிய குழாயின் நுனியில் வைத்து, தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை கொண்டுபோய், பழைய வால்வுக்குள்ளேயே விரித்துவிட்டு வருவார்கள். நான்காம் மாடியில் மார்பெலும்பை அறுத்து, நெஞ்சைத் திறந்து, பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பார்கள். யாருக்கு எந்த மாடி என்பதை டாக்டர்கள் முதல் மாடியில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அந்த முடிவைக் கேட்டுக்கொண்டு வெளியே வருகிற குடும்பம் நேராக ஏறுவது நம்மவரின் லிஃப்டில். கதவு சாத்தியதும் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

“அண்ணே, நாலாவது நல்லதா, ரெண்டாவது நல்லதா?”

டாக்டரிடம் கேட்கத் தோன்றாத கேள்வியெல்லாம் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் தோன்றிவிடும். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணால் பார்த்ததுதான். இரண்டாம் மாடிக்குப் போனவர்கள் மறுநாளோ மூன்றாம் நாளோ தலை வாரி, செருப்புப் போட்டு, தம் காலால் நடந்து லிஃப்டுக்குள் வருவார்கள். நான்காம் மாடிக்குப் போனவர்கள் பத்து நாள் கழித்துத் தள்ளுநாற்காலியில் வருவார்கள். முகம் வெளிறியிருக்கும். இருமினால் தையல் பிய்ந்துவிடுமோ என்று ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருப்பார்கள். இதைப் பார்த்தவன் வேறு என்ன சொல்வான்?

“கத்தி வச்சிருக்கிறவங்க வெட்டத்தான் சொல்லுவாங்க. முடிஞ்சவரைக்கும் ரெண்டாம் மாடியோட நிறுத்திக்கங்க.”

எத்தனை பேரிடம் இதைச் சொன்னார், எத்தனை பேர் கேட்டு நடந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். ஊர் முழுக்கக் கண்டக்டரம்மா என்றுதான் பேச்சு. அவளுடைய குரலைப் பற்றி டெப்போவில் ஒரு கதை உண்டு. “உள்ள போங்க, உள்ள போங்க” என்று அவள் கத்தினால் படிக்கட்டில் நிற்பவன் மட்டுமல்ல, டிரைவரும் எழுந்து இரண்டடி உள்ளே போய்விடுவானாம். லிஃப்டில் நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு அந்தக் குரல்தான் வெளியுலகம். இன்று யார் டிக்கெட் எடுக்காமல் கதைவிட்டான், எந்த நிறுத்தத்தில் யார் யாரோடு சண்டை என்று அவள் நடித்துக் காட்டுவாள். அவர் சிரித்துச் சிரித்துத் தட்டில் இருப்பதை ஆறவிட்டுவிடுவார்.

ஐம்பத்துநாலாவது வயதில் அந்தக் குரல் நடுவில் நிற்க ஆரம்பித்தது. நிறுத்தத்தின் பெயரைப் பாதி சொல்வாள், மூச்சு வாங்குவாள், மீதியைச் சொல்வாள். ஒரு நாள் ஓடுகிற பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபடியே மயங்கிச் சரிந்தாள். பயணிகள் தாங்கிப் பிடித்ததால் தலை தப்பியது.

பரிசோதனைகள் முடிந்து முதல் மாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இரண்டாம் மாடி டாக்டரும் இருந்தார். ஆனால் நான்காம் மாடி டாக்டரம்மாதான் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார்.

“உங்களுக்குப் பிறவியிலேயே இந்த வால்வுல மூணு இதழுக்குப் பதிலா ரெண்டுதான் இருக்கு. அதுல சுண்ணாம்பு ஒரு பக்கமா, கட்டி கட்டியாப் படிஞ்சிருக்கு. குழாய் வழியா வைக்கிற வால்வு இந்த மேடு பள்ளத்துல ஒட்டி உட்காராது, ஓரத்துல கசியும். மேல போற பெரிய ரத்தக்குழாயும் வீங்கியிருக்கு. அதை நெஞ்சைத் திறந்தாத்தான் சரி பண்ண முடியும். உங்களுக்கு வயசும் கம்மி, இன்னும் முப்பது வருஷம் ஓடணும். உலோக வால்வு வச்சுட்டா அது ஓடும். ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை, அப்பப்ப ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.”

“எனக்கும் இதேதான் தோணுது” என்றார் இரண்டாம் மாடி டாக்டர்.

கண்டக்டரம்மா படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “திறந்தா எத்தனை நாள்ல பஸ்ஸுல ஏறலாம்?”

“மூணு மாசம்.”

“அப்பத் திறங்க.”

அவ்வளவுதான், ஒரு டிக்கெட் கிழிக்கும் நேரத்தில் அவள் முடிவு செய்துவிட்டாள். அங்கேயே கையெழுத்தும் போட்டிருப்பாள். பக்கத்தில் இருந்த நம்மவர்தான் குறுக்கே விழுந்தார்.

“யோசிச்சுச் சொல்றோம் மேடம்.”

வீட்டில் யோசனை நடந்த விதம் இது.

“எண்பது வயசுக் கிழவிங்க ரெண்டாம் மாடிக்குப் போயிட்டு மறுநாள் என் கண்ணு முன்னாடி நடந்து போறாங்க. உனக்கு அம்பத்திநாலு. நீ ஓடியே போகலாம்.”

“அந்த டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுச்சே. கசியும்னு சொல்லுச்சே.”

“அவங்க படத்துல பாக்கறாங்க. நான் இருபத்தாறு வருஷமா நேர்ல பாக்கறேன்.”

“எனக்குப் பயமில்லைங்க. அறுத்துத் தைச்சிடட்டும், தொல்லை விட்டுது.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு.”

எண்பது வயதுக் கிழவிகளை இரண்டாம் மாடிக்கு அனுப்புவது, அவர்கள் உடம்பு கத்தியைத் தாங்காது என்பதால். அவர்களுக்குப் பத்து வருஷம் தாங்கும் வால்வு போதும் என்பதால். இதை இரண்டாம் மாடி டாக்டரே லிஃப்டில் போகும்போது அவரிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். லிஃப்ட் மணிச் சத்தத்தைக் கேட்பது மாதிரி அவரும் கேட்டுக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். அவருக்குப் பயம். ஒரு தடவை ஏதோ பெட்டியை இறக்கி வைக்கப் போனபோது நான்காம் மாடியில் கதவு திறந்து மூடிய இடைவெளியில் ரம்பச் சத்தம் கேட்டது. மரத்தில் ஓடும் சத்தமில்லை அது. அந்தச் சத்தம் அவளுடைய நெஞ்சில் ஓடுவதை அவரால் நினைக்க முடியவில்லை. பயத்தைப் பயம் என்று சொல்லியிருந்தால் அவளே இரண்டு வார்த்தை சொல்லித் தேற்றியிருப்பாள். பாவி மனுஷன், அதை அனுபவம் என்று சொன்னார்.

மறுநாளிலிருந்து இரண்டாம் மாடி டாக்டரைப் பிடித்துக்கொண்டார். தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்குப் பதினாலு விநாடி. பதினாலு விநாடியில் ஒரு மனிதனால் நிறையக் கெஞ்ச முடியும். ஏறும்போது பதினாலு, இறங்கும்போது பதினாலு, ஒரு நாளைக்கு ஆறு தடவை, மூன்று வாரம். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். கல் கரையாதது கண்டு ஒரு நாள் அவர் செய்த காரியம் வேறு யாருக்கும் செய்ய வாய்க்காதது. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் சுவிட்சைத் தட்டி லிஃப்டை நிறுத்திவிட்டார்.

“அண்ணே, என்ன பண்றீங்க? லிஃப்டை எடுங்க.”

“சரின்னு சொல்லுங்க சார். அவளை நாலாம் மாடிக்கு நான் என் கையால கொண்டுபோய் விட மாட்டேன்.”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்.”

“உங்க கையில அத்தனை பேர் பிழைச்சு நடந்து போறதைப் பாக்கறேன் சார். என் பொண்டாட்டி மட்டும் என்ன பாவம் பண்ணினா?”

சொல்லிவிட்டு அழுதார். இருபத்தாறு வருஷம் குனிந்து வணக்கம் சொன்ன மனிதர் கதவில் தலையை வைத்து அழுதால் யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? டாக்டர் பெருமூச்சு விட்டார்.

“ஆபரேஷன் வேண்டாம்னு அவங்களே எழுதிக் கொடுத்தா, வேற வழியில்லைன்னு நான் செய்யலாம். ஊழியர் குடும்பம், செலவை நிர்வாகம் பாத்துக்கும். ஆனா கசிஞ்சா என்னைக் கேக்காதீங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

கடைசி வாக்கியத்துக்குள் லிஃப்ட் மேலே ஏற ஆரம்பித்திருந்தது.

தாள் வீட்டுக்கு வந்தது. அவள் அதை உரக்கப் படித்தாள். அறுவை சிகிச்சையின் அவசியத்தை எனக்கு விளக்கினார்கள். என் சுய விருப்பத்தின் பேரில் அதை மறுக்கிறேன்.

“என் சுய விருப்பமா?”

அவர் சுவரைப் பார்த்தார்.

“கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்துல நீங்க எதுக்கும் கெஞ்சினது இல்ல. இதுக்குக் கெஞ்சறீங்க. நான் மாட்டேன்னு சொல்லி, நாளைக்கு ஆபரேஷன்ல ஏதாவது ஆச்சுன்னா நீங்க தடுக்காம விட்டு என்னைக் கொன்னதா நினைச்சுக்கிட்டே இருப்பீங்க. எதுக்கு அது?” தோல் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். “நீங்க சொல்றீங்கன்னு போடறேன். ஞாபகம் வச்சுக்கங்க.”

கையெழுத்துப் போட்டாள்.

எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. அதுதான் கொடுமை. இரண்டாம் மாடியில் ஒன்றரை மணி நேரம். மூன்றாம் நாள் தலை வாரி, செருப்புப் போட்டு, நடந்து லிஃப்டுக்குள் வந்தாள். ஏறுகிற ஒவ்வொருவரிடமும், “என் வீட்டுக்காரம்மா. முந்தாநாள்தான் வால்வு வச்சாங்க. பாருங்க, எப்படி நிக்கறா!” என்றார். அவளைத் தரைத்தளத்தில் இறக்காமல் இரண்டு தடவை மேலும் கீழும் கூட்டிப்போனார். அவளும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மாதத்தில் பஸ் ஏறினாள். குரல் திரும்பியது. லிஃப்ட் டாக்டருக்குத் தலைக்கனம் கூரையைத் தொட்டது. அதன் பிறகு நான்காம் மாடிக்காரர்களிடமும், அவர்கள் கேட்காமலே, வைத்தியம் சொன்னார்.

ஆறாவது மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணை, பிறகு மூன்று தலையணை. புது வால்வு பழைய மேடு பள்ளத்தில் ஒரு பக்கம் ஒட்டாமல் நிற்கிறது, அந்த இடுக்கு வழியாக ரத்தம் திரும்பிக் கசிகிறது என்றார்கள். இடுக்கை அடைக்க மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள்; பிடிக்கவில்லை. மாத்திரை, பிறகு வேறு மாத்திரை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஒரு வருஷம் போயிற்று. பார்க்கலாம் என்று சொன்னதில் பாதி அவர் வாய்.

ஒரு மதியம் கேன்டீனில் பின்பக்க லிஃப்ட்காரரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு ‘கப்சிப்’ என்று பெயர். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கட்டடத்தின் பின்னால் இன்னொரு லிஃப்ட் உண்டு. அழுக்குத் துணி, குப்பை, அவசர கேஸ், பிணம் எல்லாம் அதில்தான். முன்பக்கம் வருகிற நோயாளிகள் இதையெல்லாம் பார்த்து மனம் தளரக் கூடாது என்று நிர்வாகம் அப்படி வைத்திருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் “பொணம்னா பின்பக்கம்” என்று சொல்லிக்கொடுத்ததே நம்மவர்தான். அவருக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததை அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு நினைத்தார். கையில் இருந்த கண்ணாடித் தம்ளரை மேஜையில் வைத்தார்.

“ஏம்ப்பா, ரெண்டாம் மாடியிலேருந்து உன் லிஃப்டுல யாராவது இறங்கியிருக்காங்களா?”

கப்சிப் அவரை நிமிர்ந்து பார்த்தார். “ஏன், ரெண்டாம் மாடிக்காரங்களுக்குச் சாவு கிடையாதா?”

“எத்தனை பேர்?”

“ரெண்டுலேருந்தும் வருவாங்க, நாலுலேருந்தும் வருவாங்க. நான் எண்ணறதில்லை. எண்ணினா அந்த லிஃப்டுல நிக்க முடியாது.”

 கப்சிப்தான் தொடர்ந்தார், அதிசயமாக.

“அது மட்டுமா? உன் லிஃப்டுல சிரிச்சுக்கிட்டு இறங்கினவங்க சில பேர் ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு ஆம்புலன்ஸ்ல வருவாங்க. அவசரம்னா பின்பக்கம்தானே வாசல்? அதே முகத்தை நான் பாப்பேன். நாலாம் மாடியிலேருந்து தலகாணியைக் கட்டிக்கிட்டுப் போனாங்களே, அவங்களை வருஷம் கழிச்சு செக்கப்புக்கு வர்றப்பப் பாத்திருக்கியா? படியில ஏறிப் போறாங்க, உன் லிஃப்டுக்குக் காத்திருக்கிறதில்ல.”

“இதை ஏன்டா என்கிட்ட ஒரு நாளும் சொல்லலை?”

“நீ ஒரு நாளாவது கேட்டியா? நீதான் பெரிய டாக்டராச்சே.”

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படிக்கிறோம். கட்டடத்தின் ஒரு வாசலில் உட்கார்ந்து கொண்டு முழுக் கட்டடத்தையும் பார்த்ததாக நினைத்தவரை என்ன சொல்வது? நான்காம் மாடி உசத்தி, இரண்டாம் மாடி மட்டம் என்றும் இல்லை. இரண்டிலும் பிழைக்கிறார்கள், இரண்டிலும் சாகிறார்கள். எந்த உடம்புக்கு எந்த மாடி என்பதுதான் கேள்வி. அதை அந்த உடம்புக்குச் சொந்தக்காரி சரியாகவே சொல்லியிருந்தாள், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்.

மறுபடியும் முதல் மாடி அறை. டாக்டரம்மா இந்தத் தடவை படம் போடவில்லை.

“அன்னைக்குச் செஞ்சிருந்தா எங்களுக்கு இது வழக்கமான ஆபரேஷன். இப்ப உள்ள வச்சதைப் பிய்ச்சு எடுத்துட்டுச் செய்யணும். இதயத் தசையும் தளர்ந்து போச்சு. ஆபத்து மூணு மடங்கு. பிழைச்சாலும் பழைய பலம் முழுசா வராது.”

“செய்யலைன்னா?” என்றாள் கண்டக்டரம்மா.

டாக்டரம்மா தலையை மட்டும் அசைத்தார்.

“தாளைக் குடுங்க.”

கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே உறவினர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. அவர் பேனாவுக்குக் கையை நீட்டினார். அவள் பேனாவை அவரைத் தாண்டிக் கொண்டுபோய், கூட வந்திருந்த தன் தங்கையிடம் கொடுத்தாள்.

“அவருக்கு வேண்டாம். அவருக்கு லிஃப்ட்ல வேலை இருக்கும்.”

தங்கை தயங்கினாள். “அக்கா, மாமா இருக்கும்போது நான் எப்படி...”

“போடுடி.”

ஆபரேஷன் அன்று காலை ஸ்ட்ரெச்சரை அவருடைய லிஃப்டில்தான் ஏற்றினார்கள். விடுப்பு எடுக்கச் சொன்னார்கள், அவர் எடுக்கவில்லை. நான் என் கையால் கொண்டுபோய் விட மாட்டேன் என்று சொன்ன அதே இடம். பொத்தானை அழுத்தக் கையைத் தூக்கியவர் எண்ணுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். அது ஒரு கணம்தான். அதற்குள் போர்வைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து, எட்டி, நாலாம் எண்ணை அழுத்தியது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு விநாடி, மேலே ஓடுகிற எண்களையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அவர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை பின்பக்கம் மணி அடித்தபோதும் அவருக்கு உயிர் போய் வந்தது. இத்தனை வருஷமாக அந்த மணிச் சத்தம் முன்பக்கம் வரை கேட்கும் என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்தது.

பிழைத்துக்கொண்டாள். பதினாறாம் நாள் தள்ளுநாற்காலியில், வெளிறிய முகத்தோடு, தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் வந்தாள். கூட ஏறியவர்களிடம் அவர் யாரையும் அறிமுகப்படுத்தவில்லை.

டாக்டரம்மா சொன்ன மாதிரி பழைய பலம் வரவில்லை. பஸ்ஸில் நின்று ஓட முடியாது என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். டெப்போவில் தொலைந்த பொருள்கள் அறையில் நாற்காலி போட்டு உட்கார்த்தினார்கள். குடை, சாப்பாட்டுப் பை, ஒற்றைச் செருப்பு. கத்த வேண்டிய வேலையே இல்லை. வீட்டிலும் அளவாகத்தான் பேச்சு. அவள் திட்டியதில்லை, குத்திக் காட்டியதில்லை. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் அவர் நிம்மதியாக அழுதிருப்பார். யாரையும் நடித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

மருத்துவமனையில் அவரை இன்னும் லிஃப்ட் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று ஒரு நர்சிடம் சொல்லிப் பார்த்தார். அடக்கம் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவர் வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பாக இருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார்.

“இன்னைக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி லிஃப்டுல ஏறினாங்க. அந்தப் பொண்ணுக்கும் வால்வுதான். அந்த ஆள் என்னைக் கேக்கறான், நாலாவதா, ரெண்டாவதான்னு.”

அவள் கை நின்றது.

“நான் சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, டாக்டர் சொல்றதைக் கேளு. அப்புறம் உன் சம்சாரத்தைக் கேளு, அவங்க நெஞ்சு, அவங்களுக்குத் தெரியும்னேன்.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பாடத்தை ஒப்பித்துவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி இருந்தது அவர் பார்வை. “சரியாத்தானே சொன்னேன்?”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அது நின்றதும் அவள் நெஞ்சுக்குள் இருந்த உலோக வால்வின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டிக், டிக், டிக். சின்னக் கைக்கடிகாரம் அளவுக்குத்தான் சத்தம். ஆனால் அறையின் எந்த மூலைக்குப் போனாலும் கேட்கும்.

“சரியாத்தான் சொல்லியிருக்கீங்க” என்றாள் அவள். செவ்வாய்க்கிழமைப் பெட்டியை மூடினாள். “யாரோ ஒருத்திக்கு.”